லெவலை எடுத்துவிட்டு 'பயன்படுத்தினால் வளரும்' விதி: ஐந்தாம் பதிப்பு தாங்குமா?

கூடாரம்:
நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையில் பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு; ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகங்கள். எங்கள் குழுவுக்கு நான்தான் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்). மைல்ஸ்டோன் முறை எனக்கு ஒத்துவரவில்லை. கதையில் ஒரு கட்டம் தாண்டியதும் "எல்லாருக்கும் ஒரு லெவல்" என்று நான் அறிவிக்கிறேன், செஷன் (ஒருமுறை கூடி ஆடுவது) முழுக்கப் பூட்டுத் திறந்துகொண்டிருந்த ரோக்கும் (திருடன்) ஓரமாக நின்ற ஃபைட்டரும் (போர்வீரர்) ஒரே அளவு வளர்கிறார்கள். எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) அட்டவணைக்குப் போனால் அரக்கனைக் கொல்வதற்குத்தான் பெரும்பாலும் மதிப்பு. அதனால் ரூன்குவெஸ்ட் என்ற இன்னொரு ஆட்டம் 1978-லேயே கொண்டுவந்த வழியை எடுத்து ஒரு ஹோம்ப்ரூ (சொந்தமாகச் செய்த) விதி எழுதியிருக்கிறேன். லெவல் கிடையாது. எந்தத் திறனிலோ ஆயுதத்திலோ ஜெயித்தீர்களோ அதன் பக்கத்தில் ஒரு டிக். செஷன் முடிவில் ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு டி20 (இருபதுமுகப் பகடை) உருட்ட வேண்டும், இப்போதுள்ள போனஸை (உருட்டலோடு கூட்டும் எண்) தாண்டி விழுந்தால் +1. மேலே போகப் போகத் தாண்டுவது கடினமாகும், ஆக விதியே தன்னைப் பிரேக் பிடித்துக்கொள்ளும். ஹிட் பாயிண்ட்டும் (உயிர் அளவு) ஸ்பெல் ஸ்லாட்டும் (மந்திரம் போடும் வாய்ப்புகள்) கதைப்படி நானே கொடுப்பேன். சமநிலை எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.

எட்டுமுகம்:
பிரேக் பிடிக்காது. கணக்கைப் பாருங்கள்.

முதல் லெவல் ஃபைட்டரின் தாக்குதல் போனஸ் வழக்கமாக +5. டி20-ல் 5-ஐத் தாண்ட 75% வாய்ப்பு. +6-ல் 70%, +7-ல் 65%, இப்படியே +10-ல் 50%. ஒவ்வொரு படிக்கும் சராசரியாக எத்தனை உருட்டல் வேண்டும் என்று கூட்டினால் +5-லிருந்து +11-க்குப் போக ஏறக்குறைய 10 உருட்டல்கள்தான், அதாவது செஷனுக்கு ஒன்று என்றால் 10 செஷன். வழக்கமான விதியில் +11 என்பது ஸ்ட்ரெங்த் 20 இருக்கிற 17-ஆம் லெவல் ஃபைட்டரின் எண். வாராவாரம் ஆடினால் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும்.

ரூன்குவெஸ்டில் இதே விதி நிற்பதற்குக் காரணம் அது நூறு படிகள் உள்ள ஆட்டம். 30% திறன் 90% ஆவதற்கு நிறைய இடம் இருக்கிறது. ஐந்தாம் பதிப்பில் புரொஃபிஷியன்சி போனஸ் (பயிற்சி பெற்றவற்றில் கூடும் எண்) 20 லெவலுக்கும் சேர்த்து +2-லிருந்து +6 வரைதான் போகிறது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள். அந்தக் குறுகிய சந்துக்குள் வாரம் ஒரு +1 விட்டால் டிசி (ஜெயிக்க எட்ட வேண்டிய எண்) 15, டிசி 20 எதற்கும் அர்த்தம் இருக்காது.

கூடாரம்:
வேகம்தான் பிரச்சினை என்றால் குறைத்துக்கொள்ளலாமே. ஆளுக்கு ஒரு செஷனில் ஒரே ஒரு டிக், எது என்று பிளேயரே தேர்ந்தெடுக்கட்டும். அரக்கர்களின் ஏசியையும் (அவர்களை அடிக்க எட்ட வேண்டிய எண்) நான் ஏற்றிக்கொள்கிறேன், டிஎம் கையில் இருப்பதுதானே அது.

பழைய பெட்டி:
வேகத்தை விடுங்கள். யார் உருட்டுகிறார்கள் என்று யாராவது பார்த்தீர்களா?

ஃபைட்டர் தன் முறை வரும்போதெல்லாம் தாக்குதல் உருட்டுவார், டிக் வாங்குவார். விசார்ட் (மந்திரவாதி) ஃபயர்பால் மந்திரம் போட்டால் உருட்டுவது யார்? எதிரி, டெக்ஸ்டெரிட்டி சேவ் (தப்பிக்கும் உருட்டல்). ஹோல்ட் பெர்சன் போட்டாலும் எதிரிதான் உருட்டுகிறான். சண்டையையே திருப்பிப்போட்ட விசார்டுக்கு அன்று ஒரு டிக்கும் கிடையாது. கூடாரம், உங்கள் விதியில் ஸ்பெல் சேவ் டிசி (மந்திரத்திலிருந்து தப்ப எதிரி எட்ட வேண்டிய எண்) எப்படி வளரும் என்ற வரியே இல்லை.

நான் ரூன்குவெஸ்டும் கால் ஆஃப் கதுலு என்ற திகில் ஆட்டமும் வருடக்கணக்கில் நடத்துகிறேன், அந்த ஆட்டங்களின் மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறேன். அங்கே கிளாஸ் (ஃபைட்டர், விசார்ட் மாதிரியான வகை) இல்லை, எல்லாருக்கும் ஒரே மாதிரித் திறன் பட்டியல், அதனால் டிக் எல்லாருக்கும் ஒரே வாசல். கதுலு ஏழாம் பதிப்பில் வளர்ச்சி உருட்டல் தாண்டினால் டி10 (பத்துமுகப் பகடை) அளவு ஏறும். ஆனால் கிரெடிட் ரேட்டிங்குக்கும் (பணவசதி) கதுலு மிதோஸ் (அமானுஷ்ய அறிவு) திறனுக்கும் டிக் கிடையாது, ஏனென்றால் அவை பயன்படுத்தி வளர வேண்டியவை அல்ல. எது எதற்கு டிக் கூடாது என்பதையும் யோசித்து எழுதிய விதி அது. அங்கிருந்து ஒரே ஒரு பாகத்தைக் கழற்றிக்கொண்டு வந்தால் கூடவே இருந்த இந்த யோசனை எதுவும் வராது.

எட்டுமுகம்:
ஆமாம், அதோடு ஹிட் பாயிண்ட். இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் ஐந்தாம் பதிப்பில் வளர்ச்சி என்பதே அங்கேதான் இருக்கிறது. கோப்ளின் ஏசி 15, ஹிட் பாயிண்ட் 7. அடல்ட் ரெட் டிராகன் ஏசி 19, ஹிட் பாயிண்ட் 256. ஏசி நாலுதான் ஏறியிருக்கிறது, உயிர் முப்பத்தாறு மடங்கு. தாக்குதல் போனஸ் +11 இருக்கிற, 12 ஹிட் பாயிண்ட் ஃபைட்டரை அந்த டிராகன் முன்னால் நிறுத்துங்கள். அதன் நெருப்பு மூச்சு சராசரி 63, சேவில் ஜெயித்தாலும் பாதி 31. விழுந்துவிடுவார். ரூன்குவெஸ்டில் உயிர் பெரிதாக வளர்வதே இல்லை, அதனால் அங்கே திறன் வளர்ச்சிதான் முழு வளர்ச்சி. நீங்கள் "கதைப்படி நானே கொடுப்பேன்" என்று ஒரு வரியில் தாண்டிப்போன இடத்தில்தான் இந்த ஆட்டத்தின் எடை முழுக்க இருக்கிறது. அதை நீங்களே கொடுத்தால் அது மைல்ஸ்டோன்தானே?

தங்கக்காசு:
எனக்கு இருபக்கமும் முழுசாக உடன்பாடில்லை. வளரும் விதத்தை ஏன் தொடுகிறீர்கள்? எதற்கு எக்ஸ்பி என்பதை மட்டும் மாற்றுங்கள். பழைய பதிப்புகளில் மீட்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் 1 எக்ஸ்பி, அரக்கனைக் கொன்றால் கிடைப்பது அற்பம், அதனால் பிளேயர்கள் சண்டையைத் தவிர்த்துத் திருடப் பழகினார்கள். 1981 பேசிக் பெட்டியில் இரண்டாம் லெவலுக்குத் தீஃப் 1,200 போதும், ஃபைட்டருக்கு 2,000, மேஜிக்யூசருக்கு 2,500, எல்ஃபுக்கு 4,000. வலுவான கிளாஸ் மெதுவாக ஏறும், சமநிலையை அப்படித்தான் பிடித்தார்கள். பூட்டுத் திறந்தால், சமாதானம் பேசி முடித்தால், வரைபடத்தில் புது இடம் கண்டால் இவ்வளவு எக்ஸ்பி என்று ஒரு பட்டியல் போட்டால் கூடாரம் கேட்கிற நியாயம் கிடைத்துவிடும், ஒரு எண்ணும் உடையாது.

கூடாரம்:
உடையாது, சரி. ஆனால் எனக்கு வேண்டியது அது இல்லை. சமாதானம் பேசிச் சேர்த்த எக்ஸ்பியில் ஃபைட்டர் லெவல் ஏறினால் அவருக்குக் கிடைப்பது இன்னொரு வாள்வீச்சு, பேச்சில் ஒன்றும் கூடுவதில்லை. செய்ததற்கும் வளர்ந்ததற்கும் தொடர்பு வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. எங்கள் ஃபைட்டர் ஒவ்வொரு செஷனிலும் குதிரையோடு பேசிப் பழகுகிறார், அனிமல் ஹேண்ட்லிங் (விலங்கைக் கையாளும் திறன்) புரொஃபிஷியன்சி இல்லாமலே. அதற்கு இந்த விதிகளில் எந்தப் பதிலும் இல்லை என்பது எனக்கு உண்மையாகவே உறுத்துகிறது.

விசார்ட் விஷயத்தில் பழைய பெட்டி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆகவே விதியை இப்படிச் சுருக்குகிறேன். லெவல், ஹிட் பாயிண்ட், தாக்குதல், ஸ்பெல் எல்லாம் புத்தகப்படியே. டிக் என்பது புரொஃபிஷியன்சி இல்லாத திறன்களுக்கு மட்டும், அதுவும் தோற்றால்தான். டன்ஜன் வேர்ல்ட் என்ற ஆட்டத்தில் உருட்டல் தோற்றால் எக்ஸ்பி கிடைக்குமே, அந்த மாதிரி. ஏற்கெனவே கெட்டிக்காரராக இருப்பவர் மேலும் மேலும் வாங்கிக் குவிப்பதை அது தடுக்கும். ஒரு திறனுக்கு ஒரு செஷனில் ஒரு டிக், பத்து டிக் சேர்ந்தால் புரொஃபிஷியன்சி. புத்தகத்திலேயே ஒரு கருவியோ மொழியோ கற்க 250 நாள், நாளுக்கு ஒரு பொற்காசு என்று பயிற்சி விதி இருக்கிறது. அதைத் திறன்களுக்கும் நீட்டி, ஒரு டிக்குக்கு 25 நாள் என்று வைத்திருக்கிறேன்.

பழைய பெட்டி:
இது தாங்கும். தோல்விக்கு டிக் என்றால் வேண்டுமென்றே தோற்க மாட்டார்களா என்று கேட்பார்கள், ஆபத்து இருக்கிற இடத்தில் மட்டும் உருட்டச் சொன்னால் அந்த ஆசை வராது. சும்மா கூடாரத்தில் உட்கார்ந்து குதிரையைத் தடவிக்கொடுத்தால் டிக் இல்லை என்று இப்போதே எழுதிவிடுங்கள்.

தங்கக்காசு:
பத்து டிக் அதிகம். 25 வாரம் தாண்டி உயிரோடு இருக்கிற கேம்பெயினே (பல செஷன் தொடரும் ஆட்டம்) குறைவு, அதில் ஒரு திறனில் பத்து செஷன் தோற்பது நடக்காத காரியம். ஆறு போடுங்கள்.

எட்டுமுகம்:
கணக்கு இப்போது பரவாயில்லை, பார்டுக்கும் (பாணர்) ரோக்குக்கும் கொஞ்சம் நஷ்டம்தான், அவர்களிடம் ஏற்கெனவே நிறைய திறன் புரொஃபிஷியன்சி இருப்பதால் டிக் வாங்க இடம் குறைவு. ஆனால் ஒன்று மிச்சமிருக்கிறது. டிஎம் எதற்கு உருட்டச் சொல்கிறாரோ அதுதான் வளரும். எங்கள் மேசையில் பெர்செப்ஷனும் (கவனிப்பு) ஸ்டெல்த்தும் (பதுங்கல்) மணிக்கு மணி வரும், மெடிசின் மாதக்கணக்கில் வராது. அப்படியென்றால் ஒரு வருடம் கழித்து மேசையில் எல்லாருக்கும் பெர்செப்ஷன் இருக்கும், கேரக்டர்கள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆவார்கள். அடுத்த சில செஷனில் எந்தத் திறனுக்கு எத்தனை முறை உருட்டச் சொன்னீர்கள், எத்தனை முறை தோற்றார்கள் என்று ஒரு தாளில் குறித்து இங்கே போடுங்கள் கூடாரம், ஆறா பத்தா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.