சாசான் அர்தஷீருக்கு அப்பாவா, தாத்தாவா?

கேள்வி:
பண்டைய ஈரானை ஆண்ட சாசானிய அரசமரபுக்கு வம்சாவளிப் படம் ஒன்று தயாரிக்கிறேன். மரபை நிறுவியவர் அர்தஷீர், மரபுக்குப் பெயர் தந்தவர் சாசான். ஓரிடத்தில் சாசான் ஆட்டிடையர், அர்தஷீரின் தந்தை என்றிருக்கிறது. இன்னோரிடத்தில் கோயில் பொறுப்பாளர், தாத்தா. எதைப் போடுவது?

பதில் 1:
இரண்டும் தனித்தனி மரபு, கலக்காதீர்கள். இடையர் கதை, அர்தஷீரின் கதையைச் சொல்லும் ‘கார்நாமகே அர்தஷீர்’ என்ற பழைய பாரசீக நூலில் வருவது. பார்ஸ் பகுதியை ஆளும் பாபக் மூன்று இரவுகள் கனவு காண்கிறார். முதல் இரவு, தன் இடையனான சாசானின் தலையிலிருந்து சூரியன் உலகெங்கும் ஒளி வீசுகிறது. அடுத்த இரவு, அலங்கரித்த வெள்ளை யானைமேல் சாசான் வீற்றிருக்க, எல்லோரும் வணங்குகிறார்கள். மூன்றாம் இரவு ஃபர்ன்பக், குஷ்னஸ்ப், புர்சேன் மிஹ்ர் ஆகிய புனித நெருப்புகள் சாசான் வீட்டில் எரிகின்றன. இவை முறையே பூசாரிகள், போர்வீரர்கள், உழவர்களுக்கு உரியவை. நாடு முழுவதும் அவருக்கு அடங்கும் என்று அர்த்தம். பலன் கேட்டறிந்த பாபக் தன் மகளைச் சாசானுக்குக் கட்டிக்கொடுக்கிறார், அர்தஷீர் பிறக்கிறார். ஆக, இங்கே பாபக் தாய்வழித் தாத்தா.

சாசான் பழைய மன்னன் தாராவின் வழிவந்தவர் என்பதுதான் இந்தக் கதைக்கு உயிர். அதை நம்பவைத்துவிட்டால், அதுவரை ஈரானை ஆண்ட அர்ஷகிய வம்சத்தை அர்தஷீர் கவிழ்த்தது கலகம் ஆகாது, பாட்டன் சொத்தை மீட்டதாகிவிடும்.

பதில் 2:
கோயில் பொறுப்பாளர் என்பது பிற்கால இஸ்லாமிய வரலாற்றாசிரியர் தபரி தரும் செய்தி. இஸ்தக்ர் நகரில் அனாஹிதா தெய்வத்தின் நெருப்புக்கோயில், சாசானின் மனைவி ராம்பெஹிஷ்த், மகன் பாபக், பேரன் அர்தஷீர்.

ஆனால் படத்துக்கு ஆதாரமாகக் கல்வெட்டையே எடுங்கள், அதுதான் காலத்தால் முந்தியது. ஈரானில் நக்ஷே ருஸ்தம் என்ற இடத்தில் அர்தஷீரின் புடைப்புச் சிற்பத்திலேயே ‘பாபக் அரசரின் மகன்’ என்று பொறித்திருக்கிறது. தந்தை யார் என்பதில் சந்தேகமே வேண்டாம். அங்கேயே ‘ஜர்துஷ்த்தின் கஅபா’ எனப்படும் கல் கட்டடத்தின் சுவரில் அர்தஷீரின் மகன் முதலாம் ஷாபூர் மூன்று மொழிகளில் வெட்டிய கல்வெட்டில் சாசான் வெறும் ‘பிரபு’, பாபக் ‘அரசர்’, அர்தஷீர் ‘மன்னர்மன்னர்’. பாபக் சாசானின் மகன் என்று அதில் எங்கும் இல்லை. எனவே பாபக், அர்தஷீர், ஷாபூர் மூவருக்கும் முழுக்கோடு. சாசானுக்கும் பாபக்குக்கும் இடையில் புள்ளிக்கோடு. இடையர் கதையைப் பக்கத்தில் தனிக் கட்டமாகப் போடுங்கள்.

பதில் 3:
பைசாந்திய எழுத்தாளர் அகதியாஸ் பாபக்கைச் சோதிடம் தெரிந்த தோல் தொழிலாளியாகக் காட்டுகிறார். அது எதிரி நாட்டு ஏளனம், வம்சாவளிக்கு ஆகாது.

இன்னொன்று: அர்தஷீர் கி.பி. 224-இல் ஹோர்மொஸ்தகான் போரில் வென்ற அர்ஷகிய மன்னர் அர்தபானை நான்காமவர் என்றும் ஐந்தாமவர் என்றும் எழுதுவார்கள். ஆள் ஒருவர்தான். இரண்டு பெட்டி போட்டுவிடாதீர்கள்.