பொக்ராவுலேர்ந்து காரைக்குடிக்கு கேரவன்: சுனௌலியா, காக்கர்பிட்டாவா?

தேவகோட்டை_வண்டி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பச்சி, ஆத்தா, அப்பத்தா, நாங்க ரெண்டு பேரு எல்லாரும் கேரவன்ல நேபாளம் வந்திருக்கோம், இப்ப பொக்ராவுல. வண்டி டிராவலர மாத்திக் கட்டுனது, மேல ஏசி வேற இருக்கு, உயரம் 3 மீட்டர்கிட்ட வரும். வரும்போது பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஜபல்பூர்னு வந்து காசியில நம்ம நகரத்தார் சத்திரத்துல தங்கி, அங்கேர்ந்து விசுவநாதர் கோயிலுக்குப் பூசைச் சாமான் எடுத்துக்கிட்டு சம்போ ஊர்வலம் போறதப் பாத்துட்டு கோரக்பூர், சுனௌலி வழியா உள்ள வந்தோம். திரும்புறதுக்கு அதே வழி வேணாம்னு தோணுது, கோரக்பூர் பக்கம் மார்கழிப் பனிமூட்டத்துல முன்னாடி போற லாரியே தெரியாதுங்கிறாங்க. அதனால நேபாளத்துக்குள்ளயே கிழக்க போயி காக்கர்பிட்டால பார்டர் தாண்டி சிலிகுரி, அப்பறம் ஒடிசா ஆந்திரா கடலோரமா வரலாமான்னு யோசனை. மார்கழியில வர்ற பிள்ளையார் நோன்புக்கு ஊர்ல இருந்து எல்லாரும் ஒண்ணா இழை (மாவுல திரி வச்சு ஏத்துனத அப்படியே சாப்பிடுறது) எடுத்துக்கணும்னு அப்பத்தா தெனமும் சொல்லிக்கிட்டு இருக்காக. போனவங்க சொல்லுங்க.

திருமயம்_லாரி:
தம்பி, முதல்ல ஒண்ணு. மேப் போட்டா காத்மாண்டு போயி பனேபா, சிந்துலி, பர்திபாஸ்னு ஒரு குறுக்கு வழி காட்டும், பி.பி. ஹைவேன்னு பேரு. ஜப்பான் உதவில போட்ட நல்ல ரோடுதான், ஆனா ஒடுக்கம், வளைவுக்கு மேல வளைவு, 2024 செப்டம்பர் வெள்ளத்துல பல இடத்துல ஆத்தோட போயிருச்சு. கேரவன அதுல விட்டுராதீங்க. முக்லிங், நாராயண்காட், ஹேடௌடான்னு இறங்கி மகேந்திரா ஹைவேய பிடிங்க, கோசி பாரேஜ் மேலயே ரோடு போகும், 56 மதகு, பகல்ல கடந்தீங்கன்னா அப்பத்தாவுக்கும் காட்டலாம். காக்கர்பிட்டால மேச்சி ஆத்துப் பாலம் தாண்டுனா பானிடாங்கி, அடுத்து சிலிகுரி. ஃபராக்கா தாண்டி மோர்கிராம்ல வலது பக்கம் திரும்பி ராம்பூர்ஹாட், ராணிகஞ்ச், பாங்குரா வழியா கரக்பூர் வந்துட்டா கொல்கத்தா நெரிசலே கிடையாது. அங்கேர்ந்து சென்னை வரைக்கும் 16ஆம் நம்பர் ரோடு, வண்டி வழுக்கிக்கிட்டு வரும்.

கண்டனூர்_ஆச்சி:
ரோட்ட விட பேப்பர் முக்கியம் தம்பி. சுனௌலியில பன்சார், அதான் வண்டிக்கு நேபாள கஸ்டம்ஸ்ல போடுற அனுமதிச் சீட்டு, எத்தனை நாளுக்குப் போட்டீங்க? அந்தத் தேதி தாண்டவே கூடாது, தாண்டுற மாதிரி இருந்தா முன்னாடியே கஸ்டம்ஸ் ஆபீஸ்ல போயி நீட்டிச்சுக்கங்க. சொந்த வண்டிக்கு வருஷத்துக்கு 30 நாள்தான். வேற பார்டர்ல வெளிய போறதா இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே கஸ்டம்ஸ்ல ஒரு வார்த்தை கேட்டுருங்க, அப்பத்தாவ வச்சுக்கிட்டு அங்க போயி மல்லுக்கட்ட முடியாது. இன்சூரன்ஸ்ல நேபாளத்துக்குன்னு தனியா பிரீமியம் கட்டி எல்லைய நீட்டிருக்கீங்களான்னும் பாருங்க, நம்ம ஊர் பாலிசி தானா இங்க செல்லாது.

குன்றக்குடி_ரோடு:
லாரி அண்ணே சொன்ன ரோடெல்லாம் சரிதான், ஆனா தம்பி பயப்படுறது பனிக்கு. பனி கோரக்பூர்ல மட்டுமா இருக்கு? நேபாளத் தராய்ச் சமவெளி, பீகார், வடக்கு வங்காளம் எல்லாத்துலயும் மார்கழி தையில அதே பனிதான். அந்தப் பட்டை மேற்கு கிழக்கா நீளமா படுத்துக் கிடக்கு. காக்கர்பிட்டா போனா ஹேடௌடாலேர்ந்து மால்டா வரைக்கும் அதுக்குள்ளயே நெடுக ஓடணும். சுனௌலியில இறங்கினா குறுக்க வெட்டி வெளிய வந்துரலாம், காசி வரைக்கும் சுமாரா 300 கிலோமீட்டர்தான், அத ரெண்டாப் பிரிச்சு பதினோரு மணிக்கு மேல வண்டிய எடுத்து நாலு மணிக்கு நிறுத்திருங்க. காசி தாண்டி ரீவா மேடு ஏறிட்டா பனி குறைஞ்சுரும். பொக்ராவுலேர்ந்து பால்பா வழியா புட்வல் இறங்கும்போது சித்தபாபா கிட்ட மட்டும் எங்கயும் நிக்காதீங்க, மேலேர்ந்து கல்லு உருளுற இடம்.

திருமயம்_லாரி:
இது நியாயமான பேச்சு. நான் கிழக்க போனதெல்லாம் பங்குனி சித்திரையில, அப்ப பனியே கிடையாது. நோன்புக்கு ஊர் சேரணும்னா சுனௌலியே போங்க தம்பி.

தேவகோட்டை_வண்டி:
ரொம்ப நன்றி அண்ணே, ஆச்சி. நெடுக, குறுக்கன்னு சொன்னதும் அப்பச்சி மேப்ப விரிச்சு வச்சுப் பாத்துட்டு சுனௌலிதான்னு முடிவு பண்ணிட்டாக. பன்சார் தேதியும் பாத்தாச்சு, தாராளமா இருக்கு, இன்சூரன்ஸும் நீட்டித்தான் வந்தோம். புது வழி ஆசைய ஐதராபாத்துக்கு இந்தப் பக்கம் வச்சுக்கிறோம். பெங்களூரு போகாம சூர்யாப்பேட்டை, விஜயவாடா, நெல்லூர்னு வந்து நாயுடுப்பேட்டையில திரும்பி காளஹஸ்தி சாமி கும்பிட்டுட்டு, வேலூர், திருவண்ணாமலை, திருச்சி, புதுக்கோட்டை வழியா வீடு. ஜபல்பூர் தாண்டி சியோனிக்கு அப்பறம் பெஞ்ச் காட்டுக்குள்ள இருட்டுன பெறகு போக வேணாம்னு நெனைக்கிறேன், அதுக்கு முன்னாடி ராத்திரி கேரவன் நிறுத்த, அப்பத்தா இறங்கி நடக்கிற மாதிரி நல்ல பெட்ரோல் பங்க்கோ தாபாவோ யாருக்காவது தெரியுமா?