புதுப்பிப்பு: ஜிம்னி 50 மிமீ லிஃப்ட், ஸ்டீயரிங் அலைச்சல்

என் சுஸுகி ஜிம்னி ஜீப்பை லிஃப்ட் செய்ய (பாடியை உயர்த்த) 50 மிமீ கூடுதல் உயர ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாட்டியபின் ஹைவேயில் ஸ்டீயரிங் அலைகிறது என்று எழுதியிருந்தேன். வீல் பேலன்ஸ், டோ (முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) இரண்டும் சரி. காரணம் கேஸ்டர்தான், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். பாடி உயர்ந்ததும் ரேடியஸ் ஆர்ம் (ஆக்ஸிலைச் சேஸிஸோடு நீளவாக்கில் இணைக்கும் கை) சாய்கிறது, கூடவே முன் ஆக்ஸிலும் சுழல்கிறது. கேஸ்டர் குறைந்து, திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராவதில்லை. ஆர்மின் ஆக்ஸில் பக்க புஷ்களை (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை) ஆஃப்செட் புஷ்ஷாக, அதாவது துளை நடுவிலிருந்து விலகியதாக மாற்றியாச்சு, இப்போ ஸ்டீயரிங் அலையாமல் நிற்கிறது. பழைய புஷ்ஷைச் சுத்தியலால் தட்டி எடுக்காதீங்க, பிரஸ் உள்ள பட்டறையில் கொடுங்க. இரண்டு ஆர்மிலும் ஆஃப்செட் ஒரே பக்கம் பார்க்கணும்.

அடுத்தது பேன்ஹார்டு ராடு, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி. லிஃப்ட் ஆனதும் அது ஆக்ஸிலைச் சேஸிஸ் மவுன்ட் பக்கம் இழுக்கும். ஃபெண்டரில் தூக்குக்குண்டு கட்டி டயர்வரை இருபுறமும் அளங்க. வித்தியாசத்தில் பாதிதான் விலகல். 14 மிமீ வந்தால் 7 மிமீ. நீளம் மாற்றக்கூடிய அட்ஜஸ்டபிள் ராடு போட்டு அந்த அளவு நீட்டினால் போதும்.

பலர் விடுவது இங்கேதான்: ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்டை முழுசா முறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். வண்டி தரையில் நின்றபின் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) போட்டு இறுக்குங்க. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் இரண்டும் சக்கரம் முழுசா தொங்கும்போது விறைக்கக் கூடாது.