பயமா, கூச்சமா, வெட்கமா... பேடியா?

பாளை_மாப்ள:
எங்களுக்கு பாளையங்கோட்டை, வீட்டுக்காரிக்கு கன்னியாகுமரி மாவட்டத்துல கேரளா எல்லைப் பக்கம் குழித்துறை. பையனுக்கு மூணு வயசு, யாராச்சும் வீட்டுக்கு வந்தா கதவுக்குப் பின்னாடி போயி நின்னுகிட்டு ஒத்தக் கண்ணால பாப்பான். இவ "பிள்ளைக்கு பேடி"ன்னு சொல்லிட்டா, எங்கம்மா "ஆம்பளப் பிள்ளையப் போயி பேடிங்கா"ன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க. அது கெட்ட வார்த்தையா? அவனுக்கு இருக்கறத என்னன்னுதான் சொல்ல?

விளவங்கோட்டான்:
அண்ணே எங்க பக்கம் பேடின்னா வெறும் பயம்தான், மலையாளத்துல உள்ள அதே வார்த்தை, 1956 நவம்பர் வரைக்கும் விளவங்கோடு கல்குளம் எல்லாம் திருவிதாங்கூர்-கொச்சிலதானே கெடந்துச்சு. "பேடிக்காத மக்கா"ன்னு சொல்லிதான் எங்கள வளத்தாவ. ஆனா உங்கம்மா கோவமும் நியாயம்தான், அங்கிட்டு பேடின்னா ஆம்பளையே இல்லன்னு குத்துற வசவு. எல்லை தாண்டி கேரளால பாறசாலைல பயந்தாங்கொள்ளிய பேடித்தொண்டன்னு சொல்லுவாவ, நம்மாளு கேட்டா எந்தக் கட்சின்னு கேப்பான் 😄

செங்கோட்டை_டீச்சர்:
நீங்க சொல்றதப் பாத்தா அது பயமே இல்ல சார். பயந்த பிள்ளை எட்டிப் பாக்காது, மிரண்டு போயி அம்மா சேலைக்குள்ள மூஞ்சியப் பொதச்சுக்கும். இது கூச்சம். பல் கூசுது, கண்ணு கூசுது, அக்குள்ள தொட்டா கூசுதுன்னு சொல்றோம்ல, உடம்பு தானா பின்வாங்குது, புது முகத்தப் பாத்தாலும் அதேதான். வெட்கத்துக்கு நம்மள நாலு பேரு பாக்காங்கங்கிற நெனப்பு வேணும், கூச்சத்துக்கு அது வேண்டாம். தப்பு பண்ணவனையும் "வெட்கமா இல்ல"ன்னுதான திட்டுறோம், கூச்சத்த வச்சு யாரும் திட்டறதில்ல. குறள்ல 102வது அதிகாரம், நாணுடைமை, மொதக் குறளே செயலுக்காக நாணுறது வேற, பொம்பளைங்க நாணம் வேறன்னு பிரிச்சிருது. ரிப்போர்ட்ல "பயந்த சுபாவம்"னு எழுதுனா எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, அந்தப் பேரு பிள்ளை மேல ஒட்டிக்கும். "புது ஆளுங்ககிட்ட கூச்சம்"னு எழுதுவேன், பழகுனா போயிரும்னு அதுலயே இருக்கு.

கம்பம்_பையன்:
டீச்சர், "கூச்சநாச்சம் இல்லாம பொய் சொல்றான்"னு திட்டுறோமே, அங்க கூச்சம்னா வெட்கம்தான? அவ்வளவு சுத்தமா பிரிக்க முடியாது. தொட்டாச்சிணுங்கின்னு மட்டும் யாரையும் சொல்ல விடாதீங்க, அது கூச்சம் இல்ல, சின்னதுக்கெல்லாம் மூஞ்சி சுருங்குற ஆளு, கேரளாக்காரங்க தொட்டாவாடிங்கறதும் அதத்தான். ஆமா, ஆளே வராதப்பவும் கதவுக்குப் பின்னாடி நிக்கிறானா? அப்ப பம்முறான், எதையோ ஒடச்சிருக்கான், போயி பாருங்க.

பாளை_மாப்ள:
டிவி ரிமோட்ட காலைலருந்து காணோம் 🙄