ஒரே கோரஸ் அலை விண்கலத்திலும் தரையிலும் ஏன் வேறாகத் தெரிகிறது?

கேள்வி:
பின்லாந்தின் கன்னுஸ்லெஹ்டோ நிலையம் பதிந்த மிகத் தாழ் அதிர்வெண் நிறமாலைப் படங்களையும், அதே நேரத்தில் பூமியின் கதிர்வீச்சுப் பட்டைகளை ஆய்ந்த நாசாவின் வான் ஆலன் ஆய்வுக்கலத்தில் அலைகளை அளந்த எம்ஃபிசிஸ் கருவி பதிந்தவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்து வருகிறேன். கலம் இருந்த காந்தப்புலக் கோட்டின் அடி, அதாவது அது தரையைத் தொடும் இடம், நிலையத்திற்கு அருகில்தான் விழுகிறது. எனினும், கலத்தில் இரு அதிர்வெண் பட்டைகளாகத் தெளிவாகத் தெரியும் கோரஸ் (பூமியின் காந்தமண்டலத்தில் எலக்ட்ரான்கள் எழுப்பும் மிகத் தாழ் அதிர்வெண் அலை), தரையில் கீழ்ப்பட்டையாக மட்டும், அதுவும் மங்கலாக வருகிறது. சில வேளைகளில் ஒன்றுமே வருவதில்லை. புலக்கோட்டைக் கணித்த விதத்தில் பிழை இருக்குமா?

மறுமொழி 1:
கணிப்பைச் சந்தேகிக்கும் முன் அலை வரும் வழியைப் பாருங்கள். புலக்கோட்டை ஒட்டி நீளும் அடர்த்தி மிகுந்த பிளாஸ்மாக் குழாய்களில் சிக்கும் அலைகளே பெரும்பாலும் தரைக்கு வருகின்றன. நிலநடுக்கோட்டுத் தளத்தில் உள்ள எலக்ட்ரான் சுழல் அதிர்வெண்ணில் (எலக்ட்ரான் புலக்கோட்டைச் சுற்றிவரும் வீதத்தில்) பாதிக்கு மேற்பட்ட அலையை அத்தகைய குழாய் பிடித்து வைத்துக்கொள்ளாது. கன்னுஸ்லெஹ்டோ அமைந்துள்ள எல் 5.5 புலக்கோட்டில் (நிலநடுக்கோட்டுத் தளத்தில் பூமி மையத்திலிருந்து ஏறத்தாழ 5.5 பூமி ஆரத் தொலைவு வரை செல்வது) அந்தச் சுழல் அதிர்வெண் ஏறத்தாழ 5.2 கிலோஹெர்ட்ஸ், ஆகவே 2.6 கிலோஹெர்ட்சுக்கு மேலுள்ள மேல்பட்டை வழியிலேயே நழுவிவிடுகிறது. எஞ்சிய அலையும் மேல் வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கான அயனமண்டலத்தின் மீது ஏறக்குறைய செங்குத்தாக விழுந்தால்தான் உள்ளே நுழையும்; சாய்வாக விழுந்தால் மேலேயே எதிரொளிக்கப்பட்டுவிடும். பகல் நேரமாயின், அயனமண்டலத்தின் அடிப்பகுதியான டி அடுக்கு உறிஞ்சுவது வேறு.

மறுமொழி 2:
இதனோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தரைக்கும் அயனமண்டலத்திற்கும் இடைப்பட்ட வெளி அலைகளுக்குக் குழாய்போல் அமைவதால், நிலையம் கேட்பது தலைக்கு நேர்மேலே இறங்கியதாகவே இருக்க வேண்டியதில்லை; பல நூறு கிலோமீட்டர் தள்ளி இறங்கியதாகவும் இருக்கலாம். அந்தப் பயணத்தில் 1.7 கிலோஹெர்ட்சை ஒட்டிய அதிர்வெண்கள் மிகுதியாக நலிவடைகின்றன. எனவே தரையில் தெரியும் வலிமையை விண்வெளி வலிமைக்கு நேரான அளவாகக் கொள்வதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் எதைத்தான் ஒப்பிடுவது?

மறுமொழி 3:
காலப் போக்கை ஒப்பிடுங்கள். பத்துகள் கணக்கிலான வினாடிகள் முதல் சில நிமிடங்கள் வரையான இடைவெளியில் எழுந்தடங்கும் சீரலை உமிழ்வுகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. அவை வான் ஆலன் கலத்திலும் கன்னுஸ்லெஹ்டோவிலும் ஒரே நேரத்தில் பதிவானது ஆய்விதழில் வெளிவந்திருக்கிறது. கோரஸின் தனித்தனி ஏறுதொனிகளை (அதிர்வெண் விரைந்து ஏறும் குறுந்துணுக்குகளை) பொருத்த விரும்பினால், எம்ஃபிசிஸின் வழக்கமான நிறமாலை உதவாது. 6 வினாடிக்கு ஒருமுறை அரை வினாடி மட்டுமே எடுக்கப்படும் அந்தப் பதிவில், ஒரு வினாடிக்கும் குறைவாக நீடிக்கும் தொனிகளைத் தொடர முடியாது. தொடர்ச்சியான அலைவடிவப் பதிவு இருக்கும் நேரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, தரைப் பதிவிலிருந்து மின்னல் வெடிப்பொலிகளை நீக்கிவிட்டு, அலை கீழே வந்து சேர ஒரு வினாடி அளவில் தாமதம் இருக்கும் என்று விட்டுக்கொடுத்துப் பொருத்திப் பாருங்கள்.