பென்டிரைவில் 'ரைட் புரொடெக்ட்': பார்மட்கூட ஆகவில்லை, உதவி தேவை

எம்பிராய்டரி_திருப்பூர்:
வணக்கமுங்க. திருப்பூரில் சின்னதாக ஒரு எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கிறேன். டிசைனை டி.எஸ்.டி. ஃபைலாக (எம்பிராய்டரி மெஷின் படிக்கிற தையல் ஃபைல்) பென்டிரைவில் போட்டு, அதை மெஷினில் செருகித்தான் ஓட்டுகிறோம். நேற்று ராத்திரியிலிருந்து 16 ஜிபி பென்டிரைவ் ஒன்று புது டிசைனை ஏற்கவே மாட்டேன் என்கிறது. விண்டோஸ் 10-ல் 'டிஸ்க் ரைட் புரொடெக்டட்', அதாவது எழுத முடியாதபடி பூட்டியிருக்கிறது என்று வருகிறது. பார்மட் கொடுத்தாலும் அதே பதில்தான், ஆனால் பழைய டிசைன்கள் எல்லாம் திறக்கின்றன. பென்டிரைவில் சுவிட்ச் எதுவும் இல்லை. ஆர்டர் நிற்கிறது, யாராவது வழி சொல்லுங்க.

பெருந்துறை_தம்பி:
அண்ணா, முதலில் இருக்கிற டிசைனை எல்லாம் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்துடுங்க. அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து டிஸ்க்பார்ட் (டிஸ்க்கை நிர்வகிக்கிற விண்டோஸ் கருவி), லிஸ்ட் டிஸ்க் கொடுத்து, 16 ஜிபிக்குப் பக்கத்தில் இருக்கிற நம்பரை செலக்ட் பண்ணி, 'அட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' அடிங்க, 'படிக்க மட்டும்' என்கிற பூட்டை அது எடுக்கும். நம்பரை இரண்டு தடவை பார்த்துக்குங்க. டிஸ்க்கையே துடைக்கிற 'கிளீன்' கமாண்ட் பக்கம் போகவே வேண்டாம், நம்பர் மாறினால் ஹார்ட் டிஸ்க்கே காலியாகிவிடும். விண்டோஸ் செட்டிங் எல்லாம் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில் 'ஸ்டோரேஜ்டிவைஸ்பாலிசிஸ்' கீழே 'ரைட்புரொடெக்ட்' 1 என்று இருந்தாலும் இப்படித்தான் வரும், ஆனால் அப்போது வேறு பென்டிரைவ் செருகினாலும் எழுதாது.

எம்பிராய்டரி_திருப்பூர்:
செய்து பார்த்தேனுங்க. வேறு பென்டிரைவ் நன்றாக எழுதுகிறது. இதில் கிளியர் ஆனது என்று சொல்கிறது, ஆனால் 'அட்ரிபியூட்ஸ் டிஸ்க்' அடித்தால் மேலே 'கரண்ட் ரீட்ஒன்லி ஸ்டேட்: எஸ்', கீழே 'ரீட்ஒன்லி: நோ' என்று வருகிறது.

காந்திபுரம்_சர்வீஸ்:
அந்த இரண்டு வரியிலேயே பதில் இருக்குதுங்க. கீழ் வரி விண்டோஸ் வைக்கிற கொடி (ரீட்ஒன்லி என்கிற அடையாளக் குறி), அது ஏற்கெனவே இறங்கிவிட்டது. மேல் வரி டிஸ்க் இப்போது உண்மையில் இருக்கிற நிலை. கொடி இல்லாமலே 'எஸ்' வந்தால், பெரும்பாலும் பென்டிரைவுக்குள் இருக்கிற கன்ட்ரோலர் சிப்பே எழுத மறுக்கிறது என்று அர்த்தம். டேட்டா இருக்கிற ஃபிளாஷ் மெமரியில் எழுதி அழித்து எழுதி அழித்து பிளாக்குகள் தேய்ந்து, மாற்று பிளாக்கும் தீர்ந்துபோனால், இருக்கிற டேட்டாவாவது பிழைக்கட்டும் என்று அது தன்னைப் பூட்டிக்கொள்ளும். எஸ்டி கார்டு கதை வேறு. அதன் பக்கவாட்டு லீவருக்கு உள்ளே எந்த இணைப்பும் கிடையாது, லீவர் எங்கே இருக்கிறது என்று ரீடர்தான் பார்த்துச் சொல்கிறது. அதனால் ரீடரை மாற்றினாலே சில நேரம் சரியாகிவிடும், பென்டிரைவில் அந்த வழி இல்லை. 'ரிப்பேர் டூல்' என்று கண்டதை இறக்கி அதோடு மல்லுக்கட்டாதீங்க.

பவானி_லினக்ஸ்:
உறுதி செய்ய வேண்டுமென்றால் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகி, சிஸ்டம் செய்திகளைக் காட்டுகிற 'டிமெசேஜ்' (dmesg) கமாண்ட் அடித்துப் பாருங்க. 'ரைட் புரொடெக்ட் ஈஸ் ஆன்' என்று வந்தால் பூட்டு சாதனத்தில்தான். 'ஆஃப்' என்று வந்து, எழுதும்போது 'ஃபைல்சிஸ்டம் ஹேஸ் பீன் செட் ரீட்ஒன்லி' என்று வந்தால் அது வேறு: ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று குறித்து வைக்கிற ஃபேட் அமைப்பு பழுதாகியிருக்கிறது, மேலும் கெடாமல் இருக்க லினக்ஸின் மையமான கெர்னல் எழுதுவதை நிறுத்திவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் இப்படி ஆகலாம், எஃப்எஸ்செக் என்கிற பழுது பார்க்கும் கமாண்ட் ஓட்டினால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

எம்பிராய்டரி_திருப்பூர்:
பக்கத்து யூனிட் தம்பியின் லேப்டாப்பில் பார்த்தேன், 'ஆன்' என்றுதான் வந்ததுங்க. டிசைன் எல்லாம் காப்பி எடுத்தாச்சு. புதுசாக 32 ஜிபி வாங்கி ஃபேட்32-ல் பார்மட் செய்து போட்டேன், மெஷின் எடுத்துக்கொண்டது. ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும்.