72 வயது இதய நோயாளி: எடை குறையுது, வீட்டில் நல்லதுன்னு சொல்றாங்க. சத்துக் குறைவை எப்படிக் கணக்கிடுவது?

குடியாத்தம்_சிஸ்டர்:

குடியாத்தம் பக்கத்தில் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நோயாளி. ஆண், 72 வயது, உயரம் 158 செ.மீ. பழைய மாரடைப்பு, இப்போது இதயச் செயலிழப்பு, எக்கோவில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 30 சதவீதம். சர்க்கரையும் உண்டு. ஆறு மாதம் முன் டிஸ்சார்ஜ் ஆனபோது வீக்கம் இல்லாமல் 56 கிலோ, இப்போது 51. ஆனால் கணுக்காலிலிருந்து பாதிக் கெண்டைக்கால் வரை அழுத்தினால் குழி விழுது.

ஆல்புமின் 3.1, மொத்தக் கொலஸ்ட்ரால் 128, லிம்போசைட் 1250, ஹீமோகுளோபின் 10.2, கிரியேட்டினின் 1.3. மாத்திரைகள்: ஃபுரோசமைடு (நீர் மாத்திரை) 40, ஸ்பைரோனோலாக்டோன் 25, ராமிப்ரில், மெட்டோப்ரோலால், டபாகிளிஃப்ளோசின் 10, மெட்ஃபார்மின், அட்டோர்வாஸ்டாட்டின் 40, டிஜாக்சின் 0.25.

உப்பைக் குறைக்கணும்னு சொன்னதில் இருந்து மூணு வேளையும் உப்பில்லாத அரிசிக் கஞ்சிதான். முட்டை கொழுப்பு, பருப்பு வாயுன்னு ரெண்டையும் நிறுத்திட்டாங்க. நாலு வாய்க்கே வயிறு நிறைஞ்சிடுதாம். "உடம்பு இளைச்சா இதயத்துக்கு பாரம் குறையும்"ங்கிறது மகனோட வாதம். எந்த ஸ்கோரை நம்பலாம்? புரதம் எவ்வளவு? டப்பா பவுடர் வாங்கச் சொல்லலாமா?

சத்துவாச்சாரி_டயட்டீஷியன்:

முதல்ல மகனுக்கு ஒரு பதில். நாற்பது வயதுத் தொப்பைக்காரருக்குச் சொல்லும் அறிவுரையை இவருக்கு மாட்டக்கூடாது. முயற்சி பண்ணாமலே, வீக்கத்தைக் கழித்த எடை ஒரு வருடத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே இதய நோயால் வரும் உடல் தேய்வா என்று சந்தேகப்பட வேண்டும். இவர் தராசுக் கணக்கிலேயே 9 சதவீதம் இழந்திருக்கார். அதுக்கு மேல காலில் நீர் வேற இருக்கு. போறது கொழுப்பு மட்டும் இல்ல, தசை. மூச்சு விட உதவும் தசையும் அதில் சேர்த்தி. இப்படித் தேய்கிற முதியவர்கள் திரும்பத் திரும்ப அட்மிட் ஆவதும், சீக்கிரம் இறப்பதும் அதிகம்.

ஸ்கோருக்கு வருவோம். ஜி.என்.ஆர்.ஐ. என்ற சத்துக்குறைவு ஆபத்துக் குறியீடு முதியவர்களுக்கென்றே 2005-இல் வந்தது. ஆல்புமினை லிட்டருக்கு கிராமாக எழுதி (இவரோட 3.1 என்பது 31) 1.489-ஆல் பெருக்கணும். இப்போதைய எடையை இருக்க வேண்டிய எடையால் வகுத்து 41.7-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டணும். 158 செ.மீ.க்கு பி.எம்.ஐ. 22 என்று வைத்தால் இருக்க வேண்டிய எடை 54.9 கிலோ. 51 கிலோவைப் போட்டால் 84.9 வருது, அதாவது நடுத்தர ஆபத்து. காலில் 4 கிலோ நீர் இருக்குன்னு வைத்து 47 போட்டுப் பாருங்க: 81.9. 82-க்குக் கீழே போனாலே கடும் ஆபத்து. வீக்கத்தோடு எடை பார்த்தால் நோயாளி காகிதத்தில் மட்டும் தேறிடுவார்.

கோனட் என்ற இன்னொரு சத்துக்குறைவு ஸ்கோரில் இவருக்கு 5 வரும்: ஆல்புமினுக்கு 2, கொலஸ்ட்ராலுக்கு 2, லிம்போசைட்டுக்கு 1. அதுவும் நடுத்தரம்தான். ஆனால் அந்தக் கொலஸ்ட்ரால் 2 பட்டினியால் வந்ததா, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டினால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஸ்டாட்டின் சாப்பிடுகிறவருக்கு கோனட்டை மட்டும் வைத்து முடிவெடுக்காதீங்க.

புரதம்: வீக்கம் கழித்த எடைக்கு கிலோவுக்கு 1.2 கிராம், ஆக 55–60 கிராம். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம் (நிமிடத்துக்கு மி.லி.) 30-க்குக் கீழே போனால்தான் 0.8 அளவுக்குக் குறைக்கச் சொல்வோம். இவர் கணக்கில் 55-க்கு மேல் இருக்கார். கலோரி கிலோவுக்கு 30, சுமார் 1400. மூணு வேளைக் கஞ்சியில் இதில் பாதி வந்தாலே அதிசயம்.

நாலு வாயில் நிறைவது பாசாங்கு இல்ல. குடலிலும் கல்லீரலிலும் நீர் தேங்கினால் அப்படித்தான் இருக்கும். அதனால் ஏழு வேளையாகப் பிரிங்க, ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம் போதும். காலையில் பால் 150 மி.லி. டிபனுக்கு இரண்டு இட்லி, நீர்க்க இல்லாத சாம்பார், ஒரு முழு முட்டை. 11 மணிக்கு பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் பொடித்தது 20 கிராம், மோரில் கலக்கி. மதியம் ஒரு கரண்டி சோறு, கெட்டிப் பருப்பு, மீனோ கோழியோ 75 கிராம். நாலு மணிக்கு ஊறப்போடும் முன் 30 கிராம் எடையுள்ள பயறில் சுண்டல். இரவு ஏழுக்குள் ஒரு முட்டை தோசை. படுக்கும் முன் மறுபடி பால். இதிலேயே 55-ஐத் தொட்டுடலாம். அசைவம் இல்லாத நாளில் மீனுக்குப் பதில் சோயா உருண்டை 25 கிராம். அதில் பாதி எடை புரதம். கேழ்வரகுக் களி பிடிக்கும்னா கொடுங்க, ஆனால் அதை மட்டும் நம்பாதீங்க: 100 கிராம் மாவில் புரதம் 7 கிராம்தான். களி வயிற்றையும் சீக்கிரம் அடைக்கும்.

உப்பு மேல இருக்கிற பயம்தான் இந்த வீட்டில் நிஜ வில்லன். ஒரு நாளைக்குத் தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம், காலையிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்க. சோறு உப்பில்லாமல் வேகட்டும், இட்லி மாவிலும் உப்பு வேண்டாம். கிண்ணத்தில் இருப்பது குழம்புக்கும் பொரியலுக்கும் மட்டும். நாக்கில் படுகிற இடத்தில் உப்பு இருந்தால் கொஞ்சமே போதும். எலுமிச்சை, மிளகு, பூண்டு, கொத்தமல்லி தாராளமாக. கருவாடு, ஊறுகாய், அப்பளம், வடகம் நாலும் வீட்டை விட்டுப் போகணும். 2022-இல் வெளியான சோடியம்-எச்.எஃப். ஆய்வில் சோடியத்தை 1500 மி.கி.க்குக் கீழே கொண்டுபோக முயன்றும் இறப்போ அட்மிஷனோ குறையவில்லை. உப்பைக் குறைக்கப் போய்ச் சாப்பாட்டையே நிறுத்தினால் நஷ்டம்தான்.

டப்பா பவுடர் கடைசி வழி. இரண்டு வாரத்துக்குப் பிறகும் மேலே சொன்னதில் முக்கால் பங்கு இறங்கலைன்னா பார்க்கலாம். மால்ட் பானங்கள் பெரும்பாலும் மாவும் சர்க்கரையும்தான். எந்த டப்பாவானாலும் சோடியம், பொட்டாசியம் எவ்வளவுன்னு லேபிளில் பாருங்க.

அடுக்கம்பாறை_மெடிசின்:

உணவு ஆலோசனைக்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்க. பசி போனதுக்குப் பாதிக் காரணம் அதில் இருக்கலாம்.

டிஜாக்சின் 0.25 இவருக்கு அதிகம். 72 வயது, எடை 50 சொச்சம், கிரியேட்டினின் 1.3. பசியின்மையும் குமட்டலும்தான் டிஜாக்சின் நஞ்சாவதன் முதல் அறிகுறி. பார்வை மஞ்சளாவது பிறகுதான். கடைசி டோஸிலிருந்து குறைந்தது 6 மணி நேரம் கழித்து ரத்த அளவு எடுக்கச் சொல்லுங்க. மி.லி.க்கு 0.5–0.9 நானோகிராமுக்குள் இருக்கணும். நீங்களாக நிறுத்த வேண்டாம், இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்க.

கிரியேட்டினினையும் அப்படியே நம்பாதீங்க. அது தசையிலிருந்து வருவது. தசை கரைந்தவருக்கு அது குறைவாகக் காட்டும், சிறுநீரகம் நிஜத்தைவிட நல்லா இருப்பது போலத் தெரியும். வசதி இருந்தால், தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி ரத்தப் பரிசோதனை பாருங்க.

ஆல்புமின் 3.1 என்பதைச் சாப்பாட்டின் மீட்டராக எடுத்துக்காதீங்க. கல்லீரலில் ரத்தத் தேக்கம், உடம்பில் அழற்சி, கூடுதல் நீரால் ரத்தம் நீர்த்துப்போவது, சிறுநீரில் புரதம் போவது எல்லாமே அதைக் குறைக்கும். அதன் அரை ஆயுள் சுமார் 20 நாள், எனவே வாராவாரம் எடுப்பது காசுக்குக் கேடு. ஆனால் குறைவாக இருப்பது நீண்ட கால ஆபத்தைக் காட்டும் என்பது உண்மை, காரணம் எதுவானாலும்.

மெட்ஃபார்மின் பசியைக் குறைக்கும், பி12-ஐயும் இறக்கும். டபாகிளிஃப்ளோசின் தானாகவே 2–3 கிலோ குறைக்கக்கூடியது. இதயத்துக்கு நல்ல மருந்து, விட மனசு வராது. ஆனால் வாந்தி, பேதி, சாப்பிட முடியாத நாளில் அதை நிறுத்தி வைக்கணும். சர்க்கரை 180 இருந்தாலும் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறலாம்.

ஹீமோகுளோபின் 10.2-க்கு ஃபெரிட்டினும் (இரும்புச் சேமிப்பு) டிரான்ஸ்ஃபெரின் செறிவும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் இரும்பு ஏறியிருக்கும் சதவீதம்) அனுப்புங்க. ஃபெரிட்டின் 100-க்குக் கீழே, அல்லது 100–299 இருந்து செறிவு 20-க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு. இவருக்கு இரும்பு மாத்திரை பெரிதாக எடுபடாது, நரம்பு வழி ஊசி பற்றிக் கேளுங்க.

ஒன்று கவனம். பல வாரமாக அரைப் பட்டினி கிடந்தவருக்கு ஒரே நாளில் 1400 கலோரி ஏற்றாதீங்க. பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத் துடிப்பே தாறுமாறாகும். முதலில் தயமின் (வைட்டமின் பி1) 100 மி.கி.; ஃபுரோசமைடால் அது சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். இப்போது சாப்பிடுவதிலிருந்து தொடங்கி, ஒரு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்க. மூன்றாம் நாள் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் அளவு பாருங்க.

காட்பாடி_பிசியோ:

சிஸ்டர், கெண்டைக்கால் சுற்றளவை இவருக்கு எடுக்காதீங்க, வீக்கம் பொய் சொல்லும். மேல்கையின் நடுச் சுற்றளவை மாதம் ஒரு தடவை, அதே கையில் எடுங்க. கைப்பிடி வலு மீட்டர் இருந்தால் ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழே குறைவு. இல்லைன்னா நாற்காலி போதும்: கையை மார்பில் கட்டிக்கிட்டு ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடிக்கு மேல் ஆனால் தசை போயிருக்கலாம்.

புரதம் மட்டும் கொடுத்துப் படுக்க வைத்தால் தசை வராது. மூச்சும் எடையும் நிலையாக இருக்கும் நாளில், நாற்காலியில் எழுந்து உட்காருவது 5 முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி 5. அரை லிட்டர் தண்ணி பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்குவது 8 முறை. பேசிக்கொண்டே செய்ய முடியணும். பேச்சு திக்கினால் நிறுத்திடுங்க. சாப்பிட்ட உடனே வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும்.

எடை பார்ப்பது காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதே வேட்டியோடு. தராசு சிமென்ட் தரையில் இருக்கணும், பாய் மேலயோ மண் தரையிலயோ வைத்தால் ஒரு கிலோ வரை ஆடும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் நீர், உடனே சொல்லணும். கத்திரி வெயில்ல ரெண்டே நாள்ல இறங்கினா அதுவும் நீர்தான். எழுந்து நிற்கும்போது பி.பி. எடுத்துட்டு ஃபுரோசமைடு அளவு பற்றி டாக்டரைக் கேளுங்க.

குடியாத்தம்_சிஸ்டர்:

ரொம்ப நன்றி. டிஜாக்சின் விஷயத்துக்கு நாளைக்கே அனுப்புறேன். ஒரு கேள்வி பாக்கி. சோடியம் குறைந்த உப்புன்னு ஒரு பாக்கெட் வாங்கி வச்சிருக்காங்க. வெயிலுக்கு தினம் ரெண்டு இளநீரும் தர்றாங்க. பரவாயில்லையா?

சத்துவாச்சாரி_டயட்டீஷியன்:

ரெண்டையும் இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. அந்தப் பாக்கெட்டில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. இளநீரிலும் பொட்டாசியம்தான். ஸ்பைரோனோலாக்டோனும் ராமிப்ரிலும் ஏற்கனவே பொட்டாசியத்தை உடம்பில் தக்க வைக்கும். நாளைக்கு ரத்தம் எடுக்கும்போது பொட்டாசியமும் சேர்த்துப் பாருங்க, 5.5-க்கு மேல் வந்தால் அடுத்த டோஸ் கொடுக்கும் முன் டாக்டருக்குப் போன் பண்ணிடுங்க. சாதா உப்பே அந்த ஒரு டீஸ்பூன் கணக்கில் இருக்கட்டும். வெயிலுக்கு உப்பு போடாத மோர் கொடுக்கலாம், அதையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேருங்க.